ஏறுதாப்பா, எறங்குதா?

எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் அப்பா முதலில் ஆட்களை எண்ணுவார். கல்யாண மண்டபம், ரேஷன் கடை, பல் டாக்டரிடம் காத்திருக்கும் அறை, எதுவானாலும் சரி. உதடு அசையாது. கண் மட்டும் ஒரு சுற்றுச் சுற்றி வரும். அடுத்து வாசல்களைப் பார்ப்பார். எத்தனை இருக்கின்றன, உள்ளே திறக்கிறதா வெளியே திறக்கிறதா. அதெல்லாம் முடிந்த பிறகுதான் எதிரில் நிற்பவரைப் பார்த்து, "வாங்க, எப்ப வந்தீக?" என்பார். அதுவரைக்கும் அந்த மனிதர் சிரித்த முகத்தோடு காத்து நிற்க வேண்டியதுதான்.

சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவர் போர்மேன். மருந்து செலுத்துகிற ரூமில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. வாசலில் பதித்திருக்கிற செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் இருக்கிற மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். செருப்புக் கூடாது, இரும்பு கூடாது, பாலியஸ்டர் சேலை கூடாது. இந்த விதிகளையெல்லாம் அப்பா தினமும் சாயங்காலம் கம்பெனி வேனில் ஏற்றி விருதுநகருக்கு எங்கள் வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவார். எங்கள் வீட்டு இரும்புக் கேட்டை உள்ளங்கையால் ஒரு தடவை தொடாமல் அவர் உள்ளே வந்து நான் பார்த்ததில்லை.

"நல்லாத்தான் இருக்கும். இருந்தாலும் பாத்துருவோம்." இது அவர் வாயில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது வரும். கேஸ் அடுப்பை அம்மா அணைத்திருப்பாள். நல்லாத்தான் இருக்கும், இருந்தாலும் எழுந்து போய்ப் பார்ப்பார். நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது என் சடையைத் தடவி ஹேர்பின் இருக்கிறதா என்று பார்ப்பார். "பள்ளிக்கூடத்துல என்ன மருந்தா இடிக்காக? விடுங்க அவள" என்று அம்மா உள்ளிருந்து கத்துவாள். அவர் கை தன்பாட்டுக்குப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அம்மா செத்த அன்று ஊர்வலத்துக்கு முன்னால் இளைஞர்கள் வெடி போட்டுக்கொண்டு போனார்கள். அப்பா கொள்ளிச்சட்டியோடு நடந்துகொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "ஏலே, அங்கன தள்ளி வைங்கலே. சனம் எம்புட்டு நிக்கிது பாரு" என்றார். அழுதுகொண்டிருந்த கண்ணோடுதான் சொன்னார். வெடியைத் தள்ளிக் கொண்டுபோய் வைத்த பிறகுதான் நடந்தார். அவருடைய கண்ணில் நீர் நிற்கவே இல்லை. ஆனால் அளவு பார்ப்பதும் நிற்கவில்லை.

கம்பெனியில் அவரைப் போர்மேன் அண்ணாச்சி என்பார்கள். பாசமாக இல்லை, பயத்தில். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி உண்டு. வேலைக்கு வருகிற எல்லாரும் செல்போனை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். முதலில் அப்பா தன்னுடையதைப் போடுவார். "மொத என்னது. பெறகு உங்களது" என்பார். பகலில் நான் கூப்பிட்டால் வாட்ச்மேன்தான் எடுத்துப் பேசுவார்.

ஒரு வருடம் சீசன் நேரத்தில், பூச்சட்டிக்கு மருந்து செலுத்துகிற ரூமில் ஒரு பெண்ணின் இடுப்பிலிருந்து போன் அடித்தது. ஆமத்தூர்க்காரி, முப்பது வயது இருக்கும். அப்பா அவளைக் கையைப் பிடித்து இழுக்கவில்லை, வையவில்லை. "வெளிய வா தாயி" என்று கூப்பிட்டு, கேட் வரைக்கும் கூடவே நடந்து, வெளியே விட்டுவிட்டு, கேட்டை அவரே சாத்தினார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோறு சாப்பிடும்போது, "இன்னைக்கு நாலு உயிரக் காப்பாத்திருக்கேன்" என்றார். அதோடு விடவில்லை. பக்கத்தில் இருக்கிற கம்பெனி போர்மேன்களுக்கெல்லாம் போன் போட்டு அவள் பெயரைச் சொல்லி, சேர்த்துக்கொள்ளாதீர்கள் என்றார். நான் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. காய்ச்சலில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அதற்கு நாலு வருடம் முந்தி நடந்ததைத்தான் நான் சொல்ல வந்தேன்.

*

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். விருதுநகரிலேயே ஒரு மண்டபத்தில் தெரிந்தவர் வீட்டுக் காதுகுத்து. பந்தியில் அப்பாவுக்குப் பக்கத்தில் நான். அவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருவர். ரசம் ஊற்றிக்கொண்டு போகிறார்கள். அந்த ஆளின் சட்டைப்பையில் போன் அடித்தது. அவர் இடது கையால் எடுத்து, "பந்தில இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வைத்தார். இவ்வளவுதான் நடந்தது.

அப்பாவின் கை சோற்றில் அப்படியே நின்றது. நெற்றியில் வேர்வை முத்துமுத்தாகக் கிளம்பியதை நான் கண்ணால் பார்த்தேன்.

"என்னப்பா?"

"வெளிய."

பாதி இலையில் எழுந்தார். இரண்டு வரிசைக்கும் நடுவில் நடந்தார். வேகமாக இல்லை. ஒரு எட்டு, இன்னொரு எட்டு. கைகளை உடம்பில் படாமல் விலக்கி வைத்துக்கொண்டு, தலைக்கு மேல் தளும்பத் தளும்ப எதையோ சுமப்பவர் மாதிரி அவ்வளவு மெதுவாக. அந்த நடையை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. வாசல் தூணைப் பிடித்தார். பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்தார்.

"மூச்சு வரல தாயி. நெஞ்சு... நெஞ்சுல ஆளு உக்காந்துருக்கான்."

கூட்டம் கூடிவிட்டது. ஆளுக்கொன்று சொன்னார்கள். சோடா கொடு, விசிறு, சட்டையைக் கழற்று. நான் அவர் கன்னத்தைத் தட்டித் தட்டி, "ஒண்ணுமில்லப்பா, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று கத்திக்கொண்டிருந்தேன். அவர் விரல்கள் கோணிக்கொண்டு வந்தன. உதட்டைச் சுற்றி மரத்துப்போகிறது என்று சைகையில் காட்டினார். ஆட்டோவில் என் மடியில் படுத்துக்கொண்டு, "நான் போயிட்டேன் தாயி, அம்புட்டுதான்" என்றார். ஊரையே எண்ணிக் காக்கிற மனிதர் ஒரு மூச்சுக்கு அப்படித் தவிப்பார் என்று எனக்கு யாரும் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் உடம்பெல்லாம் ஒயரை ஒட்டிப் பார்த்தார்கள். இரத்தம் எடுத்தார்கள். சில மணி நேரம் கழித்து மறுபடியும் பார்த்தார்கள். சாயங்காலம் ஒரு லேடி டாக்டர், என்னைவிடச் சின்னவர், என்னைத் தனியே கூப்பிட்டார்.

"இதயம் நல்லா இருக்கு. இது பதற்றம். பேனிக் அட்டாக்னு சொல்வோம்."

எனக்குக் கோபம் வந்தது. "எங்கப்பாவுக்கா? அவரு பயப்படுற ஆளே இல்ல டாக்டர்."

"பயப்படாத ஆளுக்கு இது வரக் கூடாதுன்னு இல்லையே" என்றார் அவர். "நெஞ்சு வலின்னதும் கூட்டிட்டு வந்தீங்கல்ல, அது சரி. ஆனா இது திரும்பவும் வரலாம். வந்தா 'ஒண்ணுமில்ல'ன்னு சொல்லாதீங்க. அவருக்கு ஒண்ணு இருக்கு. நீங்க இல்லைன்னு சொன்னா அவரத் தனியா விட்ட மாதிரி. இது ஏறும், உச்சிக்குப் போகும், தானா இறங்கும். அது இறங்குற வரைக்கும் பக்கத்துல இருங்க. மூச்ச இழுக்கச் சொல்லாதீங்க, மெதுவா வெளிய விடச் சொல்லுங்க. அவர் எதையோ மனசுல வச்சிருக்கார். என்கிட்ட சொல்லல."

உள்ளே போனேன். அப்பா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் வழக்கம்போல வார்டை ஒரு சுற்றுச் சுற்றியது. டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"ஹார்ட் அட்டாக்குன்னே சொல்லிரு தாயி."

"என்னப்பா சொல்றீக?"

"ஊர்ல கேப்பாக. கம்பெனில கேப்பாக. ஹார்ட்டுன்னு சொல்லு. போர்மேன் பயந்துட்டான்னு மட்டும் சொல்லிராத."

சொன்னேன். வந்தவர்களிடமெல்லாம் ஹார்ட் என்றுதான் சொன்னேன். பூண்டு சாப்பிடச் சொன்னார்கள். மருதம்பட்டை கொண்டுவந்து கொடுத்தார்கள். யாராவது வீட்டில் இருந்தால் அப்பா உப்பில்லாத கஞ்சியைக் குடித்தார். அவர்கள் போனதும் நான் ஊறுகாய் வைப்பேன். வாங்கிக்கொள்வார், என் முகத்தைப் பார்க்க மாட்டார். போனை அணைத்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தார். பேட்டரி போய்விட்டது என்றார். நல்ல பேட்டரி என்று எனக்குத் தெரியும். கேட்கவில்லை.

*

ஒரு வாரம் கழித்துக் கம்பெனியிலிருந்து ஒரு அக்கா வந்தார். அப்பாவின் கீழ் ரொம்ப வருடமாக வேலை பார்ப்பவர்; மருந்து பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் வெள்ளி நிறமாகவே இருக்கும். ஹார்லிக்ஸ் பாட்டிலையும் வாழைப்பழத்தையும் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். சும்மா பேசிக்கொண்டிருந்தார். நான் காபி கொண்டுவந்து வைத்தபோது, குரலைத் தணித்துச் சொன்னார்:

"அண்ணாச்சி, நாங்க நாலு பேரும் யாருட்டயும் மூச்சு விடல. எங்க வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. நீங்க அதையே நெனச்சு உடம்பக் கெடுத்துக்கிடாதீக. ஒண்ணும் ஆகலேல்ல?"

அப்பாவின் கையிலிருந்த டம்ளர் சரிந்தது. காபி வேட்டியில் கொட்டியது. சூடு அவருக்குத் தெரிந்ததாகவே தெரியவில்லை. எழுந்தார். அதே நடை. கையை விலக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எட்டாக, வாசலை நோக்கி.

அந்த அக்கா அலறிவிட்டார். "ஐயையோ, ஆட்டோவக் கூப்புடு!"

நான் அப்பாவின் முன்னால் போய் நிற்காமல் பக்கத்தில் போனேன். வாசல்படி வரைக்கும் கூட நடந்தேன். உட்கார்ந்ததும் நானும் உட்கார்ந்தேன். 'ஒண்ணுமில்ல' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன்.

"வந்துருச்சாப்பா?"

தலையாட்டினார்.

"அன்னைக்கு வந்த மாதிரியேதானா, வேற மாதிரி இருக்கா?"

"அதே... அதேதான்."

"சரி. வரட்டும். நான் இங்கனதான் இருக்கேன். காலத் தரையில அழுத்துங்க. மூச்ச வெளிய விடுங்க. ஊதுங்க, சூடா இருக்க காப்பிய ஊதுற மாதிரி."

ஊதினார். பாதியில் அறுந்தது. மறுபடியும் ஊதினார். நானும் சேர்ந்து ஊதினேன். பிறகு என்ன சொல்வதென்று தெரியாமல், காய்ச்சல்காரரிடம் கேட்பதுபோல் கேட்டுவைத்தேன்.

"ஏறுதாப்பா, எறங்குதா?"

"ஏறுது."

"ஏறட்டும். ஊதுங்க."

அந்த அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். தெருவில் ஒரு குல்பி வண்டி மணியடித்துக்கொண்டு போனது. அப்பா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் என் வாட்ச் தோலில் பதிந்துவிட்டது.

"இப்ப?"

"நிக்கிது."

"நிக்கட்டும்."

எவ்வளவு நேரம் என்று தெரியாது. அரை மணி நேரம் என்று நினைத்தேன். அந்த அக்கா பிறகு சொன்னார், கால் மணி நேரம்கூட இல்லையாம். அப்பாவின் பிடி தளர்ந்தது. "எறங்குது தாயி" என்றார். எதையோ திருடிவிட்டு அகப்பட்டவர் சொல்வதுபோல அவ்வளவு மெல்லிய குரலில்.

அன்றைக்குத்தான் சொன்னார். அந்த அக்காவையும் உட்கார வைத்துக்கொண்டு.

பந்திக்கு மூன்று வாரம் முந்தி. முதலாளி போனில் லோடு பற்றிப் பேசியிருக்கிறார். அப்பா பெட்டியிலிருந்து போனை எடுத்துக் கேட்டுக்கு வெளியே நின்று பேசியிருக்கிறார். பேசி முடிக்கும்போதே உள்ளேயிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள்: அண்ணாச்சி, மருந்து ஈரமா இருக்கு, வந்து பாருங்க. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அப்படியே போய்விட்டார். செம்புத் தகட்டைத் தொட்டார். ரூமுக்குள் நுழைந்தார். ஆட்களை எண்ணினார். நாலு பேர். தட்டில் மருந்து. குனிந்து பார்க்கும்போது நெஞ்சில் போன் அடித்தது.

"நாலு பேரும் என்னையத்தான் பாத்தாக" என்றார் அப்பா. "அமுக்கி நிறுத்தவும் பயமா இருக்கு. பட்டனத் தொட்டா என்ன ஆகுமோன்னு. நடந்தேன். ஓடல தாயி. ஓடுனா தூசி கெளம்பும். அது அடிச்சிக்கிட்டே இருக்கு, நான் நடந்துக்கிட்டே இருக்கேன். நின்னுச்சு. அப்பாடான்னு ஒரு எட்டு வச்சேன். மறுபடி அடிக்கிது. மூணு தடவ."

"போன்ல இருந்து என்ன பொறியா பறக்கப் போகுது அண்ணாச்சி?" என்றார் அந்த அக்கா.

"பறக்காதுன்னு நீ எழுதிக் குடுப்பியா?"

அந்த அக்கா தன் வெள்ளி விரல்களைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார்.

பந்திக்கு மூன்று வாரம் முந்தி, மூன்று தடவை. எழுந்து போய் என் போனை எடுத்து, நான் கூப்பிட்ட நம்பர்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். அவர் சொன்ன அந்த நாளில் நான் வேலைக்கு லீவு. கேஸ் சிலிண்டர் வந்திருந்தது. ஓ.டி.பி. நம்பர் அப்பா போனுக்குத்தான் வரும். வாட்ச்மேன் எடுத்துப் படித்துச் சொல்லுவார் என்று கூப்பிட்டேன். எடுக்கவில்லை. சிலிண்டர்காரர் வாசலில் நின்று, "சீக்கிரம்மா, இன்னும் நாலு தெரு இருக்கு" என்று அவசரப்படுத்தினார். அந்த நேரத்துக்கு நேரே 'அப்பா' என்று மூன்று வரி.

நான் அந்த மூன்று வரியையே பார்த்துக்கொண்டு அடுப்படியில் நின்றேன். ஐந்து பேர். அதில் ஒருவர் என் அப்பா. நான் இங்கே சிலிண்டர்காரரிடம், "இந்தா எடுத்துருவாகண்ணே" என்று சொல்லிக்கொண்டே மறுபடி மறுபடி அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

திரும்பினேன். அப்பா பின்னால் நின்றார்.

"ஒனக்குத் தெரிய வேண்டாம்னுதான் இம்புட்டு நாளும்..." என்றார்.

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார். "ஆமத்தூர் வரைக்கும் போகணும். கூட வாரியா?" எதற்கென்று நான் கேட்கவில்லை.

பஸ் பாதி வழிகூடப் போகவில்லை, அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கினோம். சுற்றிலும் கருவேலங்காடு. தகரக் கூரை போட்ட பஸ் நிறுத்தத்துச் சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்து ஊதினோம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"வீட்டுக்குப் போயிருவோம் தாயி."

"போவோம்ப்பா. மொத இது எறங்கட்டும். பெறகு எங்கன போகணும்னு நீங்க சொல்லுங்க."

இறங்கியது. முகத்தைத் துண்டால் துடைத்தார். விருதுநகர் போகிற பஸ் எதிர்ப்பக்கம் வந்து நின்று, நாங்கள் எழுந்திருக்கவில்லை என்றதும் கிளம்பிப் போனது. "ஆமத்தூருக்கே போவோம்" என்றார்.

அப்பா வெளியே அனுப்பிய அந்தப் பெண் வாசலில் உட்கார்ந்து துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவைக் கண்டதும் கையிலிருந்த துணி அப்படியே நின்றது. சோப்பு நுரை முழங்கை வரைக்கும்.

"என்ன அண்ணாச்சி, சோதன போட வீட்டுக்கே வந்துட்டீகளா?"

அப்பா உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பெட்டி, போன், ரூம், நாலு பேர், மூன்று தடவை. ஒன்றையும் குறைக்கவில்லை. போனில் கூப்பிட்டது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு துணியைப் பிழிந்து வாளியில் போட்டாள்.

"என்னைய வெளிய அனுப்புனீகளே, அது சரிதான் அண்ணாச்சி. எனக்கே தெரியும். எங்கம்மாவுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. மத்தியானம் எந்த மாத்திரன்னு கேட்டுப் போன் பண்ணும். அதுக்காக நாலு பேரச் சாகக் குடுக்க முடியாதுல்ல? அந்தத் தப்ப நான் இல்லைங்கல."

"ம்."

"ஆனா சுத்தி இருக்க கம்பெனிக்கெல்லாம் எம் பேரச் சொன்னீகளே, அது எதுக்கு? அந்த வருசம் நான் எந்த வேன்லயும் ஏற முடியல. வேன் நிக்கும், என்னையப் பாத்ததும் போயிரும். அன்னைக்கு யாரு போன் பண்ணுனாகன்னு ஒரு வார்த்த கேட்டீகளா?"

"கேக்கல."

"இப்ப உங்க பேர யாரு சொல்லப் போறா?"

அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. நான் அவர் பக்கத்தில் போனேன். அவள் பதறிப்போய் ஈரக்கையோடு பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க அண்ணாச்சி! ஹார்ட்டுன்னு சொன்னாகளே! எக்கா, மாத்திர கொண்டாந்துருக்கீகளா?"

அப்பா கையை உயர்த்தி அவளை நிறுத்தினார்.

"ஹார்ட் இல்ல தாயி." இரண்டு மூச்சு விட்டார். "பயம். எனக்குப் பயம் வந்துருச்சு. அம்புட்டுதான்."

அப்பா யாரிடமும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. என்னிடம்கூடச் சொன்னதில்லை. அவள் உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் கையில் கொடுக்கவில்லை. நடுங்குகிறதே என்று அவளே பிடித்துக்கொண்டாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. இப்போது காலண்டரின் மேல் விளிம்பில் தகரம் அடிக்கிற வேலைக்குப் போகிறாளாம். கிளம்பும்போது, "மொதலாளிட்டச் சொல்லி உன்னையத் திரும்பச் சேத்துக்கிடச் சொல்லவா?" என்றார் அப்பா. "வேண்டாம் அண்ணாச்சி. மருந்து வாடையே இனிமே வேண்டாம்" என்றாள்.

*

மறுநாள் கம்பெனிக்கும் நான் கூடப் போனேன். வேன்கள் வந்து நின்று பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். பெட்டியில் போன் போட வரிசை நின்றது. முதலாளி வந்து காரிலிருந்து இறங்கியதும் அப்பா எல்லார் முன்னாலும் சொல்ல ஆரம்பித்தார். நேற்றுச் சொன்ன அதே வரிசையில்.

முதலாளி இரண்டு நிமிடம் கேட்டார். பிறகு சிரித்துவிட்டார்.

"ஒண்ணும் ஆகலேல்ல அண்ணாச்சி? பெறகென்ன? ரெஸ்ட் எடுத்துட்டு வாங்க. சீசன் நேரத்துல போர்மேனுக்கு நான் எங்கன போவேன்?"

"வேற யாரும் செஞ்சிருந்தா நானே வெளிய அனுப்பிருப்பேன்."

"நீங்களும் வேற ஆளும் ஒண்ணா?"

"ஒண்ணும் ஆகலங்கிறதுதான் மொதலாளி எனக்குத் தாங்கல" என்றார் அப்பா. "அன்னைக்கு நாலு பேரு வீட்டுக்குப் போனது என் கெட்டிக்காரத்தனத்துல இல்ல. இனிமே ஒரு பொம்பளைட்ட நின்னு, ஹேர்பின்னக் கழட்டுன்னு எந்த வாயால சொல்லுவேன்?"

நான் அந்தப் பெண்களைப் பார்த்தேன். கூச்சல் கிளம்பும், யாராவது ஏசுவார்கள், அழுவார்கள் என்று நினைத்தேன். எதுவும் இல்லை. வீட்டுக்கு வந்திருந்த அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வரிசையில் யாரோ, "நேரமாச்சுக்கா, நடங்க" என்றார்கள். ஒவ்வொருவராகப் போனைப் போட்டுவிட்டு உள்ளே போனார்கள். செருப்புகள் வாசலில் குவிந்தன. கேட்டைச் சாத்த அப்பா கையை நீட்டினார்; வாட்ச்மேன் அதற்குள் சாத்திவிட்டார். நாங்கள் வெளிப்பக்கம் நின்றோம். அவ்வளவு வருட வேலை அப்படி முடியும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகும் அவருக்கு அது வந்தது. வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை. அந்த டாக்டரிடமே போய்ப் பேசினார், கொஞ்ச நாள் மாத்திரை சாப்பிட்டார். பக்கத்தில் யார் இருந்தாலும், "எனக்குப் பயம் வருது, செத்த நேரம் இரி" என்று சொல்லிவிடுவார். கேட்டவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு உட்கார்ந்துகொள்வார்கள்.

அன்று கம்பெனியிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. திருத்தங்கல் தாண்டியதும் அப்பாவின் தலை ஆடியது. நான் பயந்துபோய்க் கையைப் பிடித்துப் பார்த்தேன். கை சில்லென்று இல்லை. தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. பஸ்ஸில் ஏறியவுடன் ஆட்களையும் வாசலையும் பார்த்தாரா என்று நான் கவனிக்கவில்லை. தலை என் தோளில் வந்து விழுந்தது. எவ்வளவு கனம்!

எங்கள் நிறுத்தம் வந்தது. கண்டக்டர் என்னைப் பார்த்து, "எறங்கலியாம்மா?" என்றார்.

"தூங்குறாக. பஸ் ஸ்டாண்டுல எறங்கிக்கிடுதோம்ணே" என்றேன்.

அவர் விசிலடித்தார். பஸ் எங்கள் தெருவைத் தாண்டிப் போனது.